பெயர் நின்றது, பண்டம் எங்கே?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்றுமாறு அமைப்பாளர் என்னைக் கேட்டபோது, பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். நான் சிறிது தயங்கிவிட்டுத் "தேங்காய்ப் பன்னைப் பற்றிப் பேசலாமா?" என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் நெடுநேரம் ஓசையே இல்லை. பிறகு, "அம்மா, மலரில் அச்சாக வேண்டும்" என்றார். அச்சாகும் என்ற அச்சத்தோடுதான் எழுதி வந்திருக்கிறேன். சங்கப் பாடல்களில் உவமை, காப்பியங்களில் பெண்மை என்றெல்லாம் இம்மேடையில் நான் முன்பு பேசியதுண்டு. இன்று பேசப்போவது தின்பண்டத்தைப் பற்றி என்றாலும், முடிவில் அது கவிதையைப் பற்றியும் இவ்வட்டத்தைப் பற்றியும்தான் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

என் சிறு பருவத்தில் எங்கள் ஊரில் ஓர் அடுமனை இருந்தது. நாங்கள் பேக்கரி என்றுதான் சொல்வோம். அக்கம்பக்கத்து ஊர்களில் அதற்கு மூன்று கிளைகள் இருந்தன. மூன்றிலும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே பச்சை வண்ணம். மாதத்தின் முதல் வாரத்தில், சம்பளம் வாங்கிய மாலையில், என் தந்தையார் அங்கிருந்து ஒரு தேங்காய்ப் பன் வாங்கி வருவார். வட்டமான பன், எட்டுத் துண்டுகளாக வெட்டியிருக்கும். இரண்டு ரொட்டித் தோல்களுக்கு நடுவே சர்க்கரையில் ஊறிய தேங்காய்த் துருவலும், சிவப்பும் பச்சையுமாய்ச் சாயமேற்றிய பப்பாளித் துண்டுகளும் இருக்கும். அந்த வண்ணத் துண்டுகள் பப்பாளிக்காய் என்பதை நான் அறிந்தது கல்லூரிக்கு வந்த பிறகுதான். எண்ணெய் படிந்த செய்தித்தாளைப் பிரிக்கும்போது எழும் மணத்துக்காகவே நாங்கள் மூன்று பிள்ளைகளும் வாசலில் காத்திருப்போம்.

அந்த அடுமனைக்கு இன்று பல மாவட்டங்களில் கிளைகள் உள்ளன. குளிரூட்டிய கடை, கண்ணாடிப் பேழை, சீருடை அணிந்த பணியாளர்கள். தேங்காய்ப் பன்னும் இருக்கிறது. நெகிழிப் பையில் முத்திரையிட்டு, தேதி அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். வெளித்தோல் பஞ்சு போல் மெத்தென்று இருக்கிறது. உள்ளே தேங்காய் குறைந்து சர்க்கரை மிகுந்திருக்கிறது. பிரித்தால் மணம் வருவதில்லை. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி என் பிள்ளைகளை நான் சலிப்படையச் செய்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் தந்தையார் நோயுற்றுக் கிடந்தார். உணவில் விருப்பமின்றி இருந்தவர், ஒரு மாலை, அந்தக் கடையின் பெயரைச் சொல்லித் தேங்காய்ப் பன் கேட்டார். வாங்கிச் சென்றேன். மனத்துக்குள், 'ஏமாந்து போவாரே' என்ற கவலையோடுதான் ஒரு துண்டைப் பிட்டு அவர் வாயில் வைத்தேன். அவர் கண்ணை மூடி மென்று விழுங்கிவிட்டு, "அதே ருசிம்மா" என்றார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரே பன்னை இருவர் தின்றோம். அது கெட்டுவிட்டது என்கிறது என் நாக்கு. அது அப்படியே இருக்கிறது என்கிறது அவர் நாக்கு. எதை நம்புவது? பண்டம் மாறியதா, நாக்கு மாறியதா, நினைவு மாறியதா? இம்மூன்று வினாக்களையும் தனித்தனியே பார்க்க விழைகிறேன்.

பண்டம் மாறிய கதை

பண்டம் மாறுகிறது என்பதில் ஐயமில்லை. அதற்கு உலகெங்கும் சான்றுகள் உள்ளன. கனடா நாட்டில் ஆன்டாரியோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் 1964ஆம் ஆண்டு டிம் ஹார்ட்டன் என்னும் பனிவளைகோற்பந்து ஆட்டக்காரரின் பெயரால் ஒரு டோனட் கடை திறக்கப்பட்டது. அவர் 1974இல் சாலை விபத்தில் மறைந்தார். கடையோ வளர்ந்து, நாடெங்கும் கிளை விரித்து, அந்நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆயிற்று. டொராண்டோவில் வாழும் நம் தமிழ் மக்களுக்கும் காலைக் காப்பி என்றால் அந்தக் கடைதான். தொடக்கத்தில் ஒவ்வொரு கடையிலும் இரவெல்லாம் விழித்திருந்து ஒருவர் மாவு பிசைந்து டோனட் செய்வார். 2000க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் அம்முறை மாறியது. பிரான்ட்ஃபோர்டு என்னும் ஊரில் அமைந்த பெரிய ஆலையில் பாதி வேகவைத்து, உறையவைத்து, வண்டிகளில் அனுப்பி, கடையில் மீதியை முடித்துத் தரும் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டுக்கு நிறுவனம் வைத்த பெயர், 'எப்போதும் புதிது' என்று பொருள்படும் அதன் பழைய முழக்கமேதான். உறையவைத்ததற்குப் புதிது என்று பெயர்! பழைய சுவை போயிற்று என்று முறையிடும் கனடியர்கள் பலர். கடை நடத்துவோருள் சிலர், இந்த ஏற்பாட்டால் தங்கள் செலவு கூடியதென்று 2008இல் வழக்கும் தொடுத்தனர். நீதிமன்றம் 2012இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அக்கடையின் மிகப் பழைய பண்டங்களுள் ஒன்று 'டச்சி' என்பது. உலர்திராட்சை பதித்து, சர்க்கரைப் பாகு பூசிய நாற்கோண டோனட். 2014இல் அதை விற்பனையிலிருந்து நீக்கினார்கள். 60ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2024இல் சிறிது காலத்துக்கு மீண்டும் கொண்டுவந்தார்கள். ஒரு பண்டத்துக்கு ஓய்வு கொடுப்பதும், ஆண்டு விழாவுக்கு அழைத்து மாலையிடுவதும் நம் இலக்கிய உலகத்துக்குப் புதியனவல்ல.

இங்கிலாந்தில் சோர்லிவுட் என்னும் ஊரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் 1961இல் புதிய ரொட்டி முறை ஒன்றை உருவாக்கினார்கள். மாவை மிகுந்த வேகத்தில் இயந்திரத்தால் பிசைந்து, கூடுதல் ஈஸ்ட்டும் சிறிது கொழுப்பும் வேறு சில பொருள்களும் சேர்த்தால், மணிக்கணக்கில் புளிக்கவிட வேண்டியதில்லை. அந்நாட்டில் விளையும் வலிமை குறைந்த கோதுமையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ரொட்டியின் விலை குறைந்தது. ஆனால் ரொட்டியின் மணமும் சுவையும் பெரும்பாலும் அந்தப் புளிக்கும் நேரத்தில்தான் பிறக்கின்றன. நேரத்தை எடுத்துவிட்டால் சுவையும் அதனோடு போய்விடுகிறது. கவிஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இவ்வாறே. ஆயத்த மாவுக் கலவை, கேக்கை உப்பவைக்கும் ஜெல், பாலில்லாத க்ரீம், பூசணம் பிடிக்காமல் காக்கும் மருந்து என்று ஒவ்வொன்றாக வந்தன. மாவை மேம்படுத்தப் பயன்படுத்திய பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் அரசு தடை செய்தது. ஆக, மாறியதெல்லாம் கெடுதி என்றும் சொல்ல இயலாது. தடை நன்மைக்கே வந்தது.

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. உணவுத் தொழிலில் முக்கோணச் சோதனை என்று ஒரு முறை உண்டு. சுவைப்பவர் முன் மூன்று துண்டுகள் வைப்பார்கள். இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. வேறாக உள்ளது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், வெண்ணெயைச் சிறிது குறைத்த புதிய செய்முறையை ஏற்றுக்கொள்ளலாம். இது நேர்மையான சோதனைதான். ஆனால் அடுத்த ஆண்டு சோதிக்கும்போது எதனோடு ஒப்பிடுவார்கள்? சென்ற ஆண்டு குறைத்த பண்டத்தோடு. முதன்முதல் செய்த பண்டத்தோடு அன்று. அது எப்போதோ தீர்ந்துபோயிற்று. ஒவ்வொரு படியிலும் வேறுபாடு தெரியாது. பத்துப் படி இறங்கிய பின் பார்த்தால் நாம் கிணற்றுக்குள் நிற்போம். யாரும் எந்த ஓர் இடத்திலும் ஏமாற்றவில்லை, ஆயினும் ஏமாந்திருப்போம்.

சுவடி ஆய்வில் பழகியவளுக்கு இது மிகவும் அறிமுகமான கதை. ஏடு பெயர்த்தெழுதுபவர் தம் முன்னிருக்கும் ஏட்டைப் பார்த்தே எழுதுகிறார். மூல ஏடு செல்லரித்துப் பல தலைமுறை ஆகியிருக்கும். ஒருவர் ஓர் எழுத்தை மாற்றுகிறார். அடுத்தவர் அதைப் பொருள்படுத்த ஒரு சொல்லையே மாற்றுகிறார். ஒவ்வொருவரும் தம்மளவில் உண்மையானவரே. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், ஊர் ஊராகத் தேடிப் பல ஏடுகளைத் தொகுத்து ஒப்பிட்டது இதனால்தான். ஓர் ஏடு பிழைபட்ட இடத்தில் மற்றோர் ஏடு காப்பாற்றும். ஆனால் பன்னுக்கு ஏது ஏடு? அதன் மூலம் தின்னப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை நம் நாக்குகள் மட்டுமே. அந்த நாக்குகளை நம்பலாமா என்பதே அடுத்த வினா.

நாக்கு மாறிய கதை

குழந்தைகள் பெரியவர்களைவிட மிகுந்த இனிப்பை விரும்புகிறார்கள் என்பது ஆய்வுகள் கண்ட உண்மை. பதின்பருவத்தின் நடுப்பகுதியில் அந்த விருப்பம் தணிந்து பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. எனவே, எட்டு வயதில் தேனாக இருந்த அதே பண்டம், சற்றும் மாறாமல் இருந்தாலுங்கூட, நாற்பது வயதில் திகட்டும். 'சர்க்கரை மிகுந்துவிட்டது' என்று நான் கூறும் புகாரில் ஒரு பங்கு என் வயதின்மீது சாரும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. முதுமையில் அந்த மூக்கும் கூர்மை குன்றுகிறது. என் தந்தையார் 'அதே ருசி' என்றபோது, அவர் உண்டது பன்னையா, அல்லது பன் என்ற சொல்லையா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று மாதத்துக்கு ஒருமுறை, எட்டில் ஒரு பங்கு, சில நாள் எட்டில் இரு பங்கு. இன்று நினைத்தபோதெல்லாம் முழுப் பன். பசிக்கும் அருமைக்கும் ஒரு சுவை உண்டு. அது எந்தச் செய்முறையிலும் எழுதப்படுவதில்லை. அந்தச் சுவையைக் கடைக்காரர் திருடிவிட்டார் என்று நான் வழக்குத் தொடுக்க முடியாது. அதை எடுத்துச் சென்றது என் சம்பளம்.

நினைவு மாறிய கதை

நினைவையும் சுவையையும் பற்றிப் பேசும் எவரும் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்டைத் தொடாமல் போவதில்லை. தேநீரில் நனைத்த மதலேன் என்னும் சிறு கேக் ஒருவருடைய இளமைக்காலம் முழுவதையும் மீட்டுத் தருவதாக அவர் எழுதிய நாவலின் முதற்பகுதி 1913இல் வெளிவந்தது. அதில் பலர் கவனிக்காத இரண்டு செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, அவருடைய தொடக்க வரைவுகளில் மதலேன் இல்லை. முதலில் இருந்தது தேன் தடவிய வறுத்த ரொட்டி. பிறகு அது ரஸ்க் போன்ற ஒன்றாக மாறியது. அதன் பிறகே மதலேன் வந்தது. உலகிலேயே புகழ்பெற்ற அந்த நினைவுப் பண்டம், எழுதும்போதே இருமுறை மாற்றப்பட்டது! இரண்டாவது, கதை சொல்பவர் முதல் வாய் உண்டதும் பேரின்பம் கொள்கிறார். மூன்றாம் வாய்க்குள்ளேயே அது குறைந்துவிடுகிறது. பண்டத்தின் வீழ்ச்சிக்கு முப்பது ஆண்டுகள் தேவையில்லை. ஒரே கோப்பைக்குள் அது நிகழ்ந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். உண்மை பண்டத்தில் இல்லை, தம்முள்ளே இருக்கிறது என்று உணர்ந்து, கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார். நாமோ கோப்பையை விடாமல் குடித்துக்கொண்டே, 'முன்பு போல் இல்லை' என்கிறோம்.

ஒரு பெரியவர் சொன்ன சொல்

இவ்வளவு படித்தும் மனம் ஆறவில்லை. மூல ஏட்டைத் தேடிப் புறப்பட்டேன். எங்கள் ஊர்க் கடையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், இன்னும் அவ்வூரிலேயே இருக்கிறார் என்று தெரியவந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் குறையை எல்லாம் சொன்னேன். அந்தப் பழைய பன்னில் அப்படி என்ன வெண்ணெய் போட்டீர்கள் ஐயா, என்றும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "வெண்ணெயா? நீங்க தின்னதே டால்டா போட்டதுதான் டீச்சர். வெண்ணெய் எல்லாம் முதலாளியோட அப்பா காலத்தோட சரி. நான் வேலைக்குச் சேந்தப்பவே, பழைய ஆளுங்க 'முன்ன மாதிரி இல்லே'ன்னு சொல்லிட்டுத்தான் இருந்தாங்க."

ஒரு நொடி நான் வாயடைத்துப் போனேன். என் பொற்காலம் அவருடைய முன்னோருக்கு வீழ்ச்சிக் காலம்! நான் மூல ஏடு என்று கொண்டாடியதே ஒரு பாடபேதம். வனஸ்பதி நம் நாட்டில் 1930களிலிருந்து பரவலாயிற்று. என் நினைவில் நெய்மணமாகத் தங்கிவிட்டது, நெய்யைப் போலி செய்யக் கண்டுபிடித்த ஒரு கொழுப்பு. அதிலுள்ள மாறுபக்கக் கொழுப்பு இதயத்துக்குத் தீது என்று கண்டு, 2022 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதை நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் போகாமல் அரசு கட்டுப்படுத்தியுள்ளது. நான் இழந்துவிட்டதாக அழும் சுவையில் ஒரு பகுதி, இழக்கப்பட வேண்டியதே.

அவர் மேலும் சொன்னார். "ராத்திரி பத்து மணிக்கு விறகு அடுப்பு மூட்டணும். விடிய விடிய அதுகிட்ட நின்னு வெந்து போவோம். மாவு கையாலதான் பிசையணும். என் பெரிய மவன் பொறந்தப்ப நான் மாவுத் தொட்டியிலதான் நின்னேன். இப்ப மிஷினு வந்துருச்சு, பையங்க ஏழு மணிக்கு வீட்டுக்குப் போறான். ருசி போச்சுன்னு நீங்க சொல்றீங்க, சரி. எங்க தூக்கம் திரும்பி வந்துச்சே, அதைச் சொல்ல ஆள் இல்லே."

அவையோரே, இந்தத் தலைப்பில் நான் படித்த நூல்கள் எவையும் எனக்கு இதைச் சொல்லவில்லை. ஒரு பண்டத்தின் சுவை மூன்று பிள்ளைகளின் நினைவில் நின்றது. அதன் விலை வேறொருவருடைய இரவுகளில் கொடுக்கப்பட்டது. ஒருவருடைய இழப்பு மற்றொருவருடைய விடுதலையாக இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் புரூக்ளினில் எபிங்கர் என்னும் அடுமனைத் தொடர் 1898இல் தொடங்கி 1972இல் நொடித்து மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விளக்கணைப்பின் பெயரால் வழங்கிய அதன் கரிய சாக்கலேட் கேக்கை இன்றும் அவ்வூர் முதியோர் கண் கலங்கப் பேசுகிறார்கள். கடை மூடியதால் அதன் சுவை கெடவே இல்லை, அழிந்துபோனது சிதைவதில்லை. ஆனால் அதே கடை, கறுப்பின மக்களுக்கு வேலை தர மறுக்கிறது என்று 1962இல் உரிமை இயக்கத்தார் அதன் வாசலில் மறியல் செய்தார்கள் என்பதும் வரலாறு. கேக்கை நினைவுகூர்வோருள் எத்தனை பேர் மறியலையும் நினைவுகூர்கிறார்கள்? இனிப்பு முதலில் மறைப்பது செய்தவரின் முகத்தைத்தான்.

பெயரும் பண்டமும்

நம் இலக்கியத்துக்கு வருகிறேன். சங்க இலக்கியத்தில் கூவியர் என்னும் சொல் வருகிறது. அப்பம் சுட்டு விற்போர் அவர்கள். மதுரைக்காஞ்சி, பெரும்பாணாற்றுப்படை இரண்டிலும் அவர்களைக் காணலாம். பாகில் இட்ட அவர்களுடைய அப்பத்தின் சுவையை அறிந்த நாக்கு ஒன்றுகூட இன்று இல்லை. ஆயினும் மதுரைக் கடைத்தெருவில் அவர்கள் நிற்பது நமக்குத் தெரிகிறது. ஏன்? புலவர், 'அந்தக் காலத்து அப்பம் போல் வருமா' என்று பாடவில்லை. அப்பத்தின் வடிவையும், அது கிடந்த பாகையும், சுட்ட ஏனத்தின் கருமையையும், செய்தவரின் தொழிற்பெயரையும் சொன்னார். ஏக்கம் எழுதப்படவில்லை, பண்டம் எழுதப்பட்டது. அதனால்தான் ஏக்கம் நமக்கு வருகிறது.

ஈழத் தமிழில் ரொட்டியைப் பாண் என்பர். அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்பர். இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். ஆட்சி போய் நூற்றாண்டுகள் ஆகியும் சொற்கள் நிற்கின்றன. பேக்கரி என்பதை அடுமனை என்றும் வெதுப்பகம் என்றும் நாம் அழகாகத் தமிழாக்கினோம். நானும் வகுப்பறையில் அவற்றையே பயில்விக்கிறேன். ஆனால் பெயர்ப்பலகை தூய தமிழில் இருப்பதால் உள்ளே உள்ள ரொட்டிக்கு மணம் வந்துவிடுவதில்லை. பெயரைக் காப்பது பண்டத்தைக் காப்பதாகாது.

வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

இங்குதான் என் உரையின் கசப்பான பகுதி வருகிறது. விழா நாளில் கசப்பு வேண்டாம் என்பார்கள். ஆனால் பத்து ஆண்டு என்பது உண்மை பேசத் தாங்கும் வயதுதான்.

இவ்வட்டம் தொடங்கியபோது ஒன்பது பேர் இருந்தோம். ஒரு கவிதை வாசிக்கப்பட்டால் அதன்மீது ஒன்றரை மணி நேரம் விவாதம் நடக்கும். 'இந்தச் சொல் ஏன்?' என்று கேட்பார்கள். அழுதுகொண்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. நானும் ஒருமுறை திரும்பினேன். மறுமாதம் அந்தக் கவிதையையே திருத்திக் கொண்டுவருவோம். அது புளிக்கவிடும் நேரம். இன்று உறுப்பினர் பெருகியுள்ளனர், மகிழ்ச்சி. ஒரு கூட்டத்தில் முப்பது கவிதைகள் வாசிக்கப்படுகின்றன; ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்; பிறகு பொன்னாடை; பிறகு புகைப்படம். விவாதத்துக்கு நேரமில்லை. எந்த ஒரு மாதத்திலும் யாரும் எதையும் கெடுக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடே தெரியவில்லை. முக்கோணச் சோதனையில் நாம் தேறிக்கொண்டே வருகிறோம்.

கவிதைகளைப் பாருங்கள். தொலைந்த கிராமம், வற்றிய கிணறு, பாட்டியின் சுருக்குப்பை, அம்மாவின் அடுப்பு. இவை நம் முதல் தொகுப்பில் வந்தபோது அடுப்பங்கரைச் சூட்டோடு வந்தன. இன்று ஆயத்த மாவுக் கலவையாகி வருகின்றன. கிணற்றைக் கண்டிராத இளைஞரும் வற்றிய கிணற்றைப் பாடுகிறார். பாட்டியின் சுருக்குப்பையில் என்ன இருந்தது என்று கேட்டால் விடையில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் தேங்காய்ப் பன்னும் அப்படிப்பட்ட ஒரு கவிதையாகத்தான் இருந்தது, அந்தப் பெரியவரைச் சந்திக்கும் வரை.

பழைய நாள்களுக்குத் திரும்புவோம் என்று நான் கேட்கவில்லை. 'முன்பு போல் இல்லை' என்று சொல்லும் உரிமையையே ஐயுறக் கற்றவள் நான். அந்த ஒன்பது பேர் காலத்திலும் குறைகள் இருந்தன. அந்த ஒன்பது பேரில் நான் ஒருத்திதான் பெண். கூட்டம் முடிந்து தேநீர்க் குவளைகளை யார் கழுவினார்கள் என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். இன்று இவ்வரங்கில் மகளிர் பாதிக்கு மேல் அமர்ந்திருக்கிறீர்கள். குவளைகளை எல்லோரும் கழுவுகிறோம். அந்தப் பொற்காலத்தின் எல்லாப் பகுதிகளும் எனக்கு வேண்டியவையல்ல.

நான் கேட்பவை இரண்டே. ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்ற மாதத்தோடு அல்லாமல் முதல் தொகுப்போடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்போம். பன்னுக்கு இல்லாத மூல ஏடு நமக்கு இருக்கிறது. அது அச்சில் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் முப்பது கவிதைகளுக்குப் பதில் மூன்றை எடுத்துக்கொண்டு, 'இந்தச் சொல் ஏன்?' என்று மீண்டும் கேட்போம். யாராவது அழுதால் நான் உடன் சென்று வீட்டில் விட்டு வருகிறேன்.

இரண்டு, இழந்ததைப் பாடும்போது, இழந்தது இன்னதென்று எழுதுவோம். என்ன கொழுப்பு, எத்தனை துண்டு, யார் பிசைந்தார், எத்தனை மணிக்கு அவர் வீட்டுக்குப் போனார் என்று எழுதுவோம். அப்படி எழுதினால் நம் ஏக்கம் சிறிது குறையலாம். ஆனால் பின்வருவோருக்கு ஓர் ஏடு கிடைக்கும்.

என் தந்தையார் இவ்வாண்டுத் தொடக்கத்தில் காலமானார். அவர் கடைசியாக விரும்பி உண்டது, கெட்டுவிட்டதென்று நான் வெறுத்த அந்தப் பன்தான். இப்போது கடைக்குப் போனால் நானும் ஒன்று வாங்குகிறேன். அதன் சுவை குறைந்தது என்றே இன்றும் சொல்வேன். அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அதை எட்டாக வெட்டி, எட்டில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.